மூன்றாவது பிஸ்டனுக்குக் கீழே

அங்ஹெலெஸ் பக்கம், 1992 டிசம்பர்

அன்பு மகள் பெர்பெத்துவாவுக்கு, உன் அப்பா எவாரிஸ்தோ சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இருவரும் நலம், எரிமலை வெடித்து ஒன்றரை வருஷம் ஆகியும் சாம்பல் சோற்றுப் பானைவரை வருகிறது, அதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ ஜித்தா வெயிலில் ஆஸ்பத்திரிக்கும் அறைக்குமாக ஓடுகிறாய், நலம்தானே, தண்ணீர் குடிக்கிறாய்தானே. உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாவது தடவை அதைவிட அதிகமாக வந்தது. எஞ்சின் செத்துப்போன சிவப்பு வண்டியைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், மணிலாக்காரரிடம் தள்ளிவிட்டு நான் அனுப்புவதில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அப்படித் தகவல் கொடுத்தது உன் தம்பி தாதோ. அவன் சொன்னது பாதிக் கதை, அதுவும் பாதியில் எழுந்து ஓடிப்போய்ச் சொன்னது. மீதியை நான் சொல்கிறேன், கேள்.

அமெரிக்கர்கள் விமானத் தளத்தைக் காலி செய்தபோது என் வேலையும் போனது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேர் அரிசியும் அந்த வண்டியிலிருந்துதான் வருகிறது. மணப்பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போக இந்தப் பக்கத்தில் கூரை திறக்கும் வண்டி வேறு இல்லை, மாப்பிள்ளை வீட்டார் ஜீப்னி வேனில் அடைத்துக்கொண்டு வருவார்கள், பெண் மட்டும் என் பக்கத்தில் ராணி போல வருவாள். அக்டோபரில் அப்படி ஒரு பெண்ணை இறக்கிவிட்டுக் கோயில் வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நின்றபோதுதான் அடியிலிருந்து டக் டக்கென்று சத்தம் கேட்டது. எஞ்சின் சூடாக இருந்தது, முன்பலகையில் ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்றது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஓடியது. பெண்ணின் சித்தி குனிந்து பார்த்து, "மாப்பிள்ளை அதுக்குள்ளயா கதவைத் தட்டுறாரு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நான் எஞ்சினை அணைத்தேன்.

மறுநாள் உன் ஞானத்தகப்பன் இஸ்முந்தோவின் காரேஜுக்குக் கொண்டுபோனேன். நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். "கும்பாரே, உன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்கிற உறவுல சொல்றேன், பிஸ்டன் தண்டோட பேரிங் போச்சு. இனிமே ஓட்டினா அந்தத் தண்டு எஞ்சினைப் பொத்துக்கிட்டு உன் மூஞ்சியைப் பாக்க வெளிய வரும். மணிலால ஒருத்தன் இருக்கான், செத்த வண்டியையும் வாங்குவான்" என்றான். அப்படியே உன்னையும் வாங்குவானா கேட்டுச் சொல் என்றேன். அவன் கோபப்படாமல் எண்ணெயைத் தட்டில் இறக்கி வெளிச்சத்தில் காட்டினான், மினுமினுவென்றுதான் இருந்தது, பேரிங் அரைபட்டுக் கலந்திருக்கிறது என்றான். நான் விடவில்லை. "உன் காரேஜ்ல எது மினுக்கல? தட்டு மினுக்குது, பெஞ்சு மினுக்குது, உன் வழுக்கை மினுக்குது. எல்லாம் மலைச் சாம்பல். உன் தலைக்கும் பேரிங் போச்சுன்னு சொல்லேன்" என்றேன். கடைசியில் பந்தயம் கட்டினோம். புது எண்ணெய் ஊற்றிச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் இறக்கிப் பார்ப்பது, மினுக்கினால் நான் வண்டியை விற்பது, மினுக்காவிட்டால் அவன் வாயை மூடுவது.

உன் அம்மா எனாமல் பேசினைத் தேய்த்துக் கொடுத்தாள். வடிகட்ட வேறு வெள்ளைத் துணி கிடைக்காமல் நீ அனுப்பிய தலையணை உறையை எடுத்தேன், அதற்கு இன்னும் திட்டு வாங்குகிறேன், இதை எழுதும்போதும் முறைக்கிறாள். எண்ணெய் வடிந்த பிறகு உறையில் கொஞ்சம் பொடி தங்கியது. பழைய ரேடியோ காந்தத்தைக் கிட்டே காட்டினோம், சாம்பலில் இருக்கும் கருமணல் ஓடிவந்து ஒட்டியது, அடியில் செம்பு நிறத்தில் சில துகள்கள் மட்டும் அசையாமல் கிடந்தன. செம்பு மலையிலிருந்து வந்ததில்லை. இஸ்முந்தோ சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அவன் கையை மட்டும் துடைத்துக்கொண்டான். தாதோ அப்போதே மணிலாக்காரருக்குப் போன் பண்ண ஓடினான், உனக்கு எழுதியதும் அன்று சாயங்காலம்தான். நான், பந்தயம் எண்ணெயைப் பற்றித்தான், எஞ்சினைத் திறந்து யாரும் பார்க்கவில்லையே என்றேன். "தோத்துட்டு வாயடிக்காதே" என்றான் இஸ்முந்தோ. "வாய்க்குப் பேரிங் கிடையாது, அது போகாது, நீ கழட்டு" என்றேன். உனக்கு இது வெட்கமாக இருக்கலாம், எனக்கு இல்லை. விற்றுவிட்டு மாதா மாதம் உன் பணத்துக்காகத் தபால்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் எனக்கு வெட்கம்.

எந்தத் தண்டில் சத்தம் என்று பார்க்க இஸ்முந்தோ எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி மாட்டினான். முதலாவது, இரண்டாவது, சத்தம் மாறவில்லை. மூன்றாவதைப் பிடுங்கியதும் இருமல்காரன் தண்ணீர் குடித்த மாதிரி அடங்கியது. நாலாவதில் மறுபடியும் டக் டக். அப்படியானால் போனது ஒன்றுதான். ஆயில் தொட்டியைக் கழற்றி மூன்றாவது தண்டின் பேரிங்கை எடுத்தோம், வெள்ளிப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, அதில் கறுப்புப் பொடி மண்போலப் பதிந்திருந்தது. அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனால் பயம் அந்த பேரிங் பிடித்திருந்த கிராங்க்கைப் பற்றித்தான், அதில் கீறல் விழுந்திருந்தால் நானே மணிலாக்காரரைக் கூப்பிட்டிருப்பேன். இஸ்முந்தோ கண்ணை மூடிக்கொண்டு நகத்தை அதன்மேல் மெதுவாக இழுத்தான். "நகம் மாட்டல, கும்பாரே" என்றான். "இன்னும் ரெண்டு கல்யாணம் ஓட்டியிருந்தா மாட்டியிருக்கும்."

அப்புறம் ஆயில் பில்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் சேறு, அடைத்துப்போய் எண்ணெய் வடிகட்டாமலே ஓடியிருக்கிறது. சாம்பல் எப்படிப் போனது என்று இஸ்முந்தோ கேட்டுக்கொண்டே வந்து நம் கொட்டகைச் சுவரைப் பார்த்தான். மலை வெடித்ததிலிருந்து இந்த ஊரில் கோப்பை, தட்டு, செருப்புகூடக் கவிழ்த்துத்தான் வைக்கிறோம். தாதோ எண்ணெய் ஊற்றும் புனல் மட்டும் ஆணியில் வாயை வானத்துக்குப் பிளந்து தொங்கியது, உள்ளே விரல் கனத்துக்குச் சாம்பல். ஒவ்வொரு தடவையும் எண்ணெயோடு அதையும் சேர்த்து ஊற்றியிருக்கிறான். "வண்டி பழசுப்பா" என்று முனகினான். புனல் புதுசுடா என்றேன். திட்டி எழுதாதே, பாவம், ஒரு வாரமாக அவன்தான் குழாய்க்குள் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். எல்லாப் பேரிங்கும் புதிதாகப் போட்டாயிற்று.

போன சனிக்கிழமை கல்யாணம். பெண்ணை இறக்கிவிட்டுப் பூசை முடியும்வரை எஞ்சினை அணைக்காமல் கோயில் வாசலில் நிறுத்தினேன். விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை. இஸ்முந்தோ பூசையைக் கேட்காமல் பானெட் பக்கமே நின்று, "அணைச்சுத் தொலை, பெட்ரோல் வீணாப் போகுது" என்றான். அணைக்கவில்லை. மணிலாக்காரரும் அன்றே வந்தார், காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே நீ அனுப்புவதை உனக்கே வைத்துக்கொள், பல்வலிக்கு வைத்தியம் பார், நூடுல்ஸை மட்டும் தின்று நாளை ஓட்டாதே. புனித மரியாள் உன்னைக் காக்கட்டும், என் கையை உன் நெற்றியில் வைத்ததாக நினைத்துக்கொள். வண்டி விஷயமாக இனி எழுதாதே, எழுதினால் அம்மாவைப் படிக்கவிட மாட்டேன்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ லக்சமானா

எனக்குக் கையெழுத்து வராது, கீழே என் பெருவிரல். மை இல்லை, இன்று காலை அந்த எஞ்சினிலிருந்து தொட்டெடுத்த எண்ணெய். வெயிலில் பிடித்துப் பார், ஒரு துகள் மினுக்கினாலும் வண்டியை விற்றுவிடுகிறேன்.