ஆடிக்கு முன் போட்ட தளம்

மச்சான்,

இன்று காலை பக்கத்து மனையில் லாரி கொட்டிய சத்தத்தில் கையிலிருந்த காபி தளும்பிவிட்டது. மணல் வந்திருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். மணலாவது, மண்ணாங்கட்டியாவது! கல்லை அரைத்த சாம்பல் நிறப் பொடி. ஈரத்தில் குவாரி வாடை அடித்தது. ஆற்றில் வார ஒன்றும் மிச்சமில்லையாம், அதனால் இப்போது மலையை அரைக்கிறார்களாம். உன்னைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேருமாக உட்கார்ந்து திட்டித் தீர்க்கலாம் என்று தோன்றியது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் திருக்கழுக்குன்றத்தில் நான் வீடு கட்டினேன். நான் கல்பாக்கத்தில் சம்பளக்காரன். நீ பாலாற்றங்கரை ஊரில் கொஞ்சம் நெல்லும் ஒரு கிணறும் வைத்துக்கொண்டு மேஸ்திரி வேலை பார்த்தவன். செங்கல்பட்டில் ஒரே பெஞ்சில் படித்தோம். வேறு யார் கையில் கொடுப்பேன் வீட்டை? கடலோர மணல் சல்லிசாக வருகிறதென்று உன்னைக் கேட்காமல் ஒரு லோடு இறக்கினேன். மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பது உன் வழக்கம். ஒரு சிட்டிகை வைத்தாய், தூவென்று துப்பினாய்.

"இன்னாடா இது, ஊறுகா போடப் போறியா? உப்பு கம்பியத் தின்னுடும். பத்து வருசத்துல தளம் உன் தலமேல வரும். எங்க ஆத்து மணல் இருக்க சொல்ல இது எதுக்கு?"

உங்கள் ஆற்று மணல்! கோடையிலும் கையால் தோண்டினால் ஊற்று வரும். அதை அள்ளி அள்ளித்தான் என் கடைக்கால், சுவர், பூச்சு எல்லாம். தளத்துக்கு மூன்று லோடு பாக்கி இருந்தபோது உன் ஊர்ப் பெண்கள் ஆற்று வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். மணல் போனால் கடல் தண்ணீர் உள்ளே ஏறும், கிணறெல்லாம் கெடும் என்றார்கள். முன்வரிசையில் உன் மனைவி.

ஆடி பிறக்க நான்கு நாள்தான் இருந்தது. ஆடியில் தளம் போடக் கூடாது என்று என் வீட்டில் பிடிவாதம். எனக்கும்தான், பொய் எதற்கு? பலகை அடித்தாயிற்று, கம்பி கட்டியாயிற்று, தளம் போடும் நாளில் ஆட்களுக்குக் கறிச்சோறு போட வேண்டுமே, ஆட்டுக்கும் சொல்லியாயிற்று. "நீ சொன்னா கேப்பாங்க, வந்து பேசு" என்று உன்னைச் சைக்கிளில் வைத்து நானே மிதித்துக்கொண்டு போனேன்.

நீ இறங்கி நேரே உன் மனைவியிடம் போனாய். குனிந்த தலையோடு அவளிடம் சொன்னாய். "நம்ம சிநேகிதன் வூடும்மா. மூணே லோடு. இத்தோட சரி."

"மூணு வுட்டா முந்நூறு வந்து நிக்கும்," என்றாள்.

"நிக்காது. நான் சொல்றேன் இல்ல?"

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. கடற்கரைச் சாலையில் எழும்பிய ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் வண்டி வண்டியாக மணல் போயிற்று. பெண்கள் மறித்தபோதெல்லாம், "மேஸ்திரி சிநேகிதனுக்கு மட்டும் வுட்டீங்களே, எங்களுக்கு இன்னா?" என்று லாரிக்காரர்கள் வாயை அடைத்தார்கள். சில வருடங்களில் ஆறு பள்ளமானது. உன் கிணறு உப்பானது. நெல் நட்டு, கருகி, மறுபடி நட்டு, விட்டுவிட்டாய். ஒரு நாளாவது என்னைக் குறை சொன்னாயா? அதுதான் பேஜாரு. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்வலியில் நீ போன அன்று, உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பங்காளிகள் குடங்களோடு கிணற்றுக்குக் கிளம்பினார்கள். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அன்னிக்கு லாரிக்கு வழி வுட்டேன். இதுக்கு வுட மாட்டேன். உப்புத் தண்ணியில அவர குளிப்பாட்டாதீங்க."

தண்ணீர் லாரிக்கு ஆள் ஓடியது. வெயில் ஏறும்வரை உன்னைப் பெஞ்சில் கிடத்திவைத்துவிட்டு ஊரே காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். அவள் என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள்.

என் தளம் நன்றாக இருக்கிறது மச்சான். ஒரு விரிசல் இல்லை, ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை. ஒழுகித் தொலைத்திருந்தால்கூட மனசு கொஞ்சம் சமாதானப்பட்டிருக்கும். உன் ஊரில் குடிக்க இன்னும் லாரித் தண்ணீர்தான். அந்த ஆற்றில் இனி என் ஆயுசில் மணல் சேராது. ஆடி கழியட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பேசப் போயிருக்க மாட்டாய்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கேட்காமலே நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. கேட்க வேண்டியது அவளிடம். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். மூன்று வருடமாக நான் ஏறவில்லை.