முதுகு நிமிர்ந்த ஜெனரல்

மார்ச் 4, 1952
நல்ல வெயில். ஹார்ட்விக் காலை முழுக்கப் பாத்தி கொத்தினார். பாத்தியா அது? அணிவகுப்பு! கயிறு கட்டி, அளந்து, ஒரு வரிசை கோணினால் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு உலகப் போரிலும் பறந்த மனிதர், ஜெர்மன் விமானப்படை ஜெனரல், இப்போது முட்டைக்கோஸ் தின்ன வரும் முயலிடம் தினமும் தோற்கிறார். ஐம்பத்தெட்டு வயதில்தான் எனக்குக் கணவர் என்று ஒருவர் வீட்டில் கிடைத்திருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறேன். கண் படாமல் இருக்கட்டும்.

மார்ச் 9
மழை. தேநீர், சீட்டாட்டம். இவர் ஏமாற்றுகிறார்.

மார்ச் 15
தலைநகர் பானிலிருந்து ஒருவர் வந்தார். வோஸ்காம்ப், பழைய கர்னல், இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். எங்கள் வடக்குக் கடலோரப் பக்கத்தில் விருந்தாளி கோப்பைக்குள் கரண்டியைப் போடும் வரை தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். தெற்கத்திக்காரர், அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தேன், பாவம், மரியாதைக்காகக் குடித்துக்கொண்டே இருந்தார். வந்த காரியம் அப்படி.

"நம்ம நாட்டுக்கு மறுபடியும் விமானப்படை வரப்போகுதுங்க ஐயா. இன்னும் வெளியே சொல்லலை. பயிற்சிப் பள்ளிகளை உங்களை விட்டா யாரு நடத்துவா?"

இவர் காது சிவந்தது. அந்தக் காதை எனக்குத் தெரியும்.

மார்ச் 16
காலையிலிருந்து எரிச்சல். பாத்திரத்தையெல்லாம் தட்டித் தட்டி வைத்தேன்.

முதல் போரில் இவர் குதிரைப்படை லெப்டினன்ட். மறு வருடமே குதிரையை விட்டு விமானத்தில் ஏறினார். நிச்சயித்த பெண்ணாகக் காத்திருந்தேன். ஜெர்மனி விமானப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றிருந்த காலத்தில், வேறு பெயரில், வியாபாரி வேஷத்தில் ரஷ்யாவுக்குப் போய்ப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். என் புருஷன் தையல் மிஷின் விற்கிறார் என்று அக்கம்பக்கத்தில் புளுகினேன். அப்புறம் நாஜிகள் வந்தார்கள். ஒளித்ததெல்லாம் வெளியே வந்தது, இவர் தோளில் பொன் ஏறியது. நாங்களும் அவர்களுக்குக் கை தூக்கி வணக்கம் வைத்தவர்கள்தான். யாரும் எங்களைக் கட்டி இழுத்துப் போகவில்லை. முடிவில் ஊரெல்லாம் இடிபாடு, இவருக்கு ஆங்கிலேயர் முகாமில் இரண்டு வருடம்.

போதாதா? இன்னும் எத்தனை தடவைதான்டா சாமி நான் ஜன்னல்கிட்ட நிக்கிறது?

கேட்டே விட்டேன். "போகப்போறீங்களா?"

"இந்தத் தடவை ஒழுங்கா செய்யலாம், ஓட்டிலி."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 20
ரொட்டிக் கடை கேஷெயின் ஒரே பையன் ஃபோக்கோ. இவருடைய பள்ளி ஒன்றில் பயிற்சி பெற்றவன். நாற்பத்து நாலில், முதல் தடவை சண்டைக்குப் பறந்த அன்றே போய்விட்டான். ஊருக்கே தெரியும். இவர் தினமும் அவளிடம்தான் ரொட்டி வாங்குகிறார். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

இன்று நான் போனேன். "என்ன ஜெனரல் வீட்டம்மா, பான் பக்கமிருந்து காத்து அடிக்குதாமே?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"ஸ்டேஷன்ல ஒரு கோட்டு சூட்டு இறங்கினா இந்த ஊருக்குத் தெரியாதா? சரி, அங்க போனா அவரை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ஜெனரல்னுதான்."

"நான் முட்டைக்கோஸ்காரரேன்னு கூப்பிடறேன். அவருக்கு எது பிடிக்குதுன்னு பாப்போம்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 24
போய்விட்டார், பானுக்கு. சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் நான்தான். முட்டாள்.

மார்ச் 27
வந்துவிட்டார்! சொன்ன நாளுக்கு முன்பே. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்.

"நான் உள்ளே போனதும் எல்லாரும் படக்குனு எந்திரிச்சு நின்னாங்க. 'ஜெனரல்'னாங்க. என் முதுகு தானா நிமிந்துடுச்சு, ஓட்டிலி. எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா? அந்தச் சுகத்துல எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கே பயமாப் போச்சு. அன்னிக்கும் அப்படித்தான் போட்டேன்."

"என்னிக்கு?"

"பெட்ரோல் இல்லை, பயிற்சியைப் பாதியாக் குறைன்னாங்க. அரைகுறையா அனுப்பினா பசங்க திரும்ப மாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். ஃபோக்கோவும் அதுல ஒருத்தன்."

வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அந்தப் பையனை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. சூப்பைச் சூடாக்கினேன்.

மார்ச் 28
கேஷெயிடம் போய்ச் சொல்லப் போகிறாராம். தடுத்துப் பார்த்தேன். "அவ நிம்மதியா இருக்கா. எதுக்குக் கெடுக்கணும்?"

"நிம்மதியா இருக்கறது நான்தான்."

ரொட்டி இல்லாமல் திரும்பினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாளாம். கடைக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

ஏப்ரல் 10
பக்கத்து ஊர் ரொட்டி. மரத்தூள் தேவலை. குறை சொல்லாமல் தின்கிறார்.

ஏப்ரல் 22
இவர் வீட்டில் இருக்கிறார், எனக்கு அது போதும். போதுமா? வழியில் கேஷெயைப் பார்த்தால் தெரு மாறி நடக்கிறேனே.

மே 6
திட்டினால் திட்டட்டும் என்று இன்று அவள் கடைக்கே போனேன். ஒரு ரொட்டி கேட்டேன்.

"உங்களுக்குத் தர மாட்டேன்."

திரும்பி நடந்தேன்.

"நில்லுங்க. அவரை வரச் சொல்லுங்க. எட்டு வருஷமா எம்புள்ளையப் பத்தி இந்த ஊர்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலை. வீரமரணம்னு ஒரு தந்தி, அவ்வளவுதான். இந்தப் பாவி ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னார். எனக்கு இன்னும் நிறையக் கேக்கணும். கடை மூடற நேரத்துக்கு வரட்டும்."

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். கை கழுவினார். தொப்பியை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"பயமா இருக்கு, ஓட்டிலி. கூட வர்றியா?"

இத்தனை வருடத்தில் எங்கே போகும்போதும் என்னைக் கூப்பிட்டதில்லை. தெருமுனை வரை கைகோத்துப் போனேன். அதற்கு மேல் அவரே போனார். நான் திரும்பி வந்து, ரொட்டி வந்தாலும் வரும் என்று வெண்ணெயை எடுத்து மேசைமேல் வைத்தேன்.