ஓடக்காரன் கரையேறும் இடம்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலு,

அண்ணன் எழுதுகிறேன். நீ அங்கே வேலைக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறது. ஒரே ஒரு கடிதம் போட்டிருக்கிறாய், அதையும் உன் அண்ணி பேருக்குப் போட்டிருக்கிறாய். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை தபால்காரருக்கும் தெரிய வேண்டுமா? போனில் பேசலாமே என்கிறாய். போனில் நம் பேச்சு என்ன லட்சணத்தில் ஓடும் என்று உனக்கே தெரியும். ஐந்தாவது நிமிடத்தில் "அப்புறம்?" "அப்புறம் நீதான் சொல்லணும்" என்று நின்றுவிடும். நீ விடுதியில் தங்கிப் படித்தபோது, ஓடக்காரன் வீடியோ கேமில் நான் மாட்டிக்கொண்ட இடத்தைப் படம் போட்டு அனுப்புவேன். நீ வழி எழுதி அனுப்புவாய். உன் பதில் வரும்வரை ஓடத்தை நடு ஆற்றிலேயே நிறுத்தி வைத்திருப்பேன். கடிதம் என்றால் எனக்கு அதுதான்.

அம்மா சுகம். முழங்கால் வலிதான் போகவில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எங்கள் கட்டடத்து லிஃப்டே நின்று கிடக்கிறது. வேறு ஆளுக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்களாம், நான் கை வைக்கக் கூடாதாம். அம்மா ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து என்னைத் திட்டிவிட்டு ஏறுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓடக்காரன் ஆறாம் பாகம் வருகிறது என்று உங்கள் கம்பெனி அறிவித்துவிட்டதே! ஐந்தாம் பாகத்தில் அந்த மனுஷன் வெறுங்காலோடு துடுப்பைப் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் போனான். அதோடு திரை வெளுத்துப் போனது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது நெற்றி பின்வாங்கிப் பின்கழுத்து வரை போய்விட்டது, அவன் இன்னும் பனிக்குள்ளேயே இருக்கிறான். எங்கள் ரசிகர் குழுவில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவர் தினமும் காலையில் "இன்றைக்கும் வரவில்லை" என்று ஒரு வரி போடுவார். வேறு எதுவும் எழுத மாட்டார். அறிவிப்பு வந்த அன்று அவர் ஒன்றுமே எழுதவில்லை. அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். நானும்தான்.

அந்தக் கம்பெனிக்குள்ளேயே என் தங்கச்சி இருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லேன். அவன் திரும்பி வருகிறானா?

ஆசையோடு,
உன் அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு. உனக்கு மிச்சம் இருந்தால்.

கேட்காதே. வேலையில் சேர்ந்த அன்றே வெளியில் வாய் திறக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் உன்னை மாதிரி ஒருவர் இருப்பார் என்று தெரிந்துதான் வாங்கியிருப்பார்கள். நான் சத்தப் பிரிவில் இருக்கிறேன், அது உனக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் தடித்த பஞ்சு மெத்தை. காலையில் உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. எனக்குக் கீழே இரண்டு பையன்கள், நல்ல பிள்ளைகள், ஈரத் துண்டைத் தரையில் அடித்து அலைச் சத்தம் செய்வார்கள். எங்கள் இயக்குநரம்மா கண்டிப்பு, ஆனால் காது உள்ளவர். நல்ல சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அவரைக் கண்ணை மூட வைப்பதுதான் எங்கள் மூவருக்கும் பிழைப்பு.

வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன், சிரி. பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ வாங்கினேன். கனமான தோல். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல் முனகும். வீட்டில் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, எட்டி எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "யாரும்மா, புதுசா வந்திருக்காரு? நல்ல மனுஷன்தானே?" என்று கேட்டார். ஷூவைக் காட்டினேன். நம்பவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, வரன் வந்துவிட்டது என்று பெட்டியைக் கட்டிவிடுவாள்.

இந்த வேலையில் நான் சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணா. காரணம் ஒருநாள் உனக்கே தெரியும். அதுவரை பொறு.

இப்படிக்கு,
வாலு

மார்ச் 2

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் திரும்பப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

ஆண்கள் ஷூ. ஓடக்காரன் ஐந்து பாகத்திலும் செருப்புக்கூடப் போட்டதில்லை. ஐந்து பாகத்திலும் கரையில் கால் வைத்ததும் இல்லை, ஆட்களை இறக்கிவிட்டு ஓடத்திலேயே காத்திருப்பான். சத்தம் செய்கிற நீ, வேலைக்கு இல்லாமல் அந்த ஷூவை ஏன் வாங்கப் போகிறாய்? நீ சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமல் சொல்லியிருக்கிறாய், எனக்குப் புரியாதா? ஓடக்காரனைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். ஷூ போட்ட எவனையோ கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். நம் ஆள் பனிக்குள்ளேயே செத்துவிட்டான்.

மனசு தாங்கவில்லை. ரசிகர் குழுவில் எழுதினேன். உன் பேரை எழுதவில்லை, அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. "சத்தம் பதிவு செய்யும் இடத்திலிருந்து உறுதியான தகவல், புது நாயகன் தோல் ஷூ போட்டவன், குதிகால் முனகும்" என்று மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு வங்கியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போனேன். திரும்பி வருவதற்குள் பற்றிக்கொண்டுவிட்டது. வேறு நாட்டுக் குழுக்களெல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "எங்கள் ஓடக்காரனுக்கு ஷூ வேண்டாம்" என்று லட்சக்கணக்கில் கையெழுத்து. வெறுங்கால் படத்தை எல்லாரும் முகப்பில் வைத்திருக்கிறார்கள். பேருந்து ஓட்டுநர், தினம் ஒரு வரிக்கு மேல் எழுதாத மனுஷர், ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

இத்தனை பேர் சேர்ந்து கத்தினால் உன் கம்பெனி கேட்டுத்தானே ஆக வேண்டும்? அவனைக் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. நீயும் உள்ளே இருந்துகொண்டு அதைத்தானே விரும்புவாய்?

உன் அண்ணன்

பி.கு. அம்மாவிடம் ஷூ கதையைச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கிறாள்.

மார்ச் 30

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் வெறும் வசவு.

நீ குழுவில் எழுதியதை இயக்குநரம்மா அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். "குதிகால் முனகும்" என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருந்தார். அந்த ஷூவைப் பற்றித் தெரிந்தவர்கள் சத்தப் பிரிவில் நாங்கள் மூன்று பேர்தான். பையன்கள் இரண்டு பேரும் முகம் வெளுத்து நின்றார்கள். ஒருவனுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. நான்தான் வீட்டுக்கு எழுதினேன் என்று சொன்னேன். இயக்குநரம்மா கத்தவில்லை. "உங்க வீட்லயா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் வேலை போய், ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

நான் எதையும் சொல்லாமல் சொல்லவில்லை அண்ணா. கீழ்வீட்டு அக்கா கதையைச் சொல்லி என் அண்ணனைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். அது வேலைக்கு வாங்கியது என்பதையே எழுதும்போது மறந்துவிட்டேன். உனக்கு எழுதும்போது எனக்குக் காவல் போட்டுக்கொண்டு எழுதத் தெரியாது. இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை. கேள்.

புது நாயகன் என்று யாரும் இல்லை. ஓடக்காரன்தான். பனி விலகுகிறது, ஓடம் முதல் தடவையாகக் கரையில் முட்டுகிறது. அவன் இறங்குகிறான். படித்துறையில், இத்தனை பாகங்களிலும் அவன் ஏற்றிவிட்ட ஆட்களில் யாரோ ஒருவர் அவனுக்காக ஒரு ஜோடி ஷூவை வைத்திருக்கிறார். யார் என்று காட்ட மாட்டார்கள். அவன் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறான். திரை இருண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு படமே கிடையாது. அவன் நடந்து போகிற சத்தம் மட்டும்தான். முதலில் ஈரக் கல், அப்புறம் மண், அப்புறம் மரப்படி, கடைசியில் ஒரு கதவு.

அந்த முடிவு என்னுடையது. சத்தக்காரிக்குக் கதையில் என்ன வேலை என்று எல்லாரும் கேட்டார்கள். மாதக்கணக்கில் மன்றாடி, இயக்குநரம்மாவைக் கண்ணை மூடிக் கேட்க வைத்து, சம்மதம் வாங்கினேன். ஏன் தெரியுமா? இரண்டாம் பாகம் முடிந்த அன்று நீ ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரையும் கொண்டுபோய் விடுறானே, இவன் எப்போதான் கரையேறுவான்?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது, தூசி என்றாய். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதைச் செய்தேன். நீ விளையாடி முடித்துவிட்டு அந்த இருட்டில் உட்கார்ந்து கேட்பாய், கதவு திறந்ததும் எனக்குப் போன் செய்வாய், ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுவாய் என்று நினைத்துக்கொண்டே அந்த ஷூவில் நடந்தேன்.

முதலாளிகள் பயந்துவிட்டார்கள். ஷூ எங்கேயும் கண்ணில் படக் கூடாது, காதிலும் விழக் கூடாது என்று உத்தரவு. ஷூ இல்லையென்றால் அந்தக் காட்சி இல்லை, காட்சி இல்லையென்றால் கரையும் இல்லை. வெட்டிவிட்டார்கள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ கெடுத்தது என் வேலையை மட்டும் என்றால் எப்படியாவது மன்னித்திருப்பேன்.

அம்மாவிடம் எனக்கு வேலை மாற்றம் என்று சொல். போனை எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்.

தங்கை

ஏப்ரல் 8

அன்புள்ள வாலு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை.

உன் இயக்குநரம்மாவுக்கு நானே எழுதவா? என் மேல்தான் தப்பு என்று சொல்கிறேன். குழுவிலும் உண்மையைப் போட்டுவிடுகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணி பிடித்துத் தடுத்தாள். "இன்னும் ஒரு தடவை எழுதி அந்தப் பொண்ணுக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கோ அதையும் கெடுக்கப் போறீங்களா?" என்றாள். அவள் சொன்னது சரி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் கேட்காமல் எழுதினேன். உன் பேரைப் போடாவிட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அதைவிட, எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதில் ஒரு பெருமை. அதுவும்தான் காரணம், மறைக்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

நேரில் வரட்டுமா? நீ வா என்றால் மறுநாளே கிளம்புகிறேன். சொல்லாமல் வந்து நிற்க மாட்டேன்.

அண்ணன்

நவம்பர் 14

அன்புள்ள வாலு,

அம்மாவுக்கு நீ போன் செய்வது எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துச் செய்கிறாய் என்பதும் தெரியும். ஒரு பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறாயாம். பிள்ளைகள் உன்னைப் படுத்தி எடுக்கிறார்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நான் பக்கத்து அறையில் நின்று கேட்டேன். கட்டடத்து லிஃப்ட் ஒருவழியாக ஓடுகிறது, வேறு ஆள்தான் சரி செய்தான்.

ஆறாம் பாகம் வந்துவிட்டது. விளையாட வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அவன் பனிக்குள்ளிருந்து வெளியே வருகிறான். வெறுங்கால். இன்னும் ஆட்களை ஏற்றுகிறான், இறக்குகிறான். ஆறு இன்னும் அகலமாகியிருக்கிறது. கடைசியில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, ஓடத்தை அதை நோக்கித் திருப்புகிறான், மறுபடியும் பனி. திரை வெளுத்துவிடுகிறது. அந்த வெளுப்பைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி வந்து டிவியை அணைத்தாள்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். நாம் ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள். நீங்கள் அன்றைக்கு எழுதாமல் இருந்திருந்தால் ஓடக்காரனை இழந்திருப்போம் என்று நர்ஸம்மா எழுதியிருந்தார். பேருந்து ஓட்டுநர் என் பேரைப் போட்டு நன்றி சொல்லி, ஏழாம் பாகம் வரும்வரை இருப்பேனா என்று தெரியவில்லை, ஆனால் இவன் உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று எழுதியிருந்தார். அவரிடம் என்ன சொல்வேன்? அவன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான், அதை நான்தான் கெடுத்தேன் என்றா? குழுவிலிருந்து விலகிவிட்டேன். கோபமா என்று எல்லாரும் கேட்டார்கள். வேலை அதிகம் என்றேன்.

நீ நடந்த சத்தம் எங்கேயாவது இருக்கிறதா, அழித்துவிட்டார்களா என்று கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போது அந்தக் கேள்விக்கு எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றுகிறது. கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஏப்ரலில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. ஜூனில் எழுதியதற்கும் இல்லை. இதற்கும் வராமல் போகலாம். முன்பெல்லாம் நீ ஒரு வரி விட்டிருந்தால்கூட அதற்குள் புகுந்து ஆயிரம் அர்த்தம் எடுப்பேன். இப்போது நீ எழுதாமல் இருப்பதற்கு நான் எந்த அர்த்தமும் எடுப்பதில்லை, வாலு. பயமாக இருக்கிறது.

அண்ணன்