ஃபோல்டர் பேரில் பிள்ளையார் சுழி

நவ. 6, திங்கள்

விடியலிலிருந்து மழை. அணுபுரத்துக்கு ஆபீஸ் வேன் லேட். புது கம்ப்யூட்டர் வந்தாச்சு, தமிழ் டைப் வசதியோட. பழசு அக்கவுண்ட்ஸுக்கு. முதல் வேலையா ஒரு ஃபோல்டர், பேரு 'உ தீயணைப்பு'. எதை ஆரம்பிச்சாலும் சுழி போட்டே பழகின கை. ஊழியர்கள் கம்ப்யூட்டர்ல பார்த்துப் படிக்கிற தீயணைப்பான் கோர்ஸைப் பழைய மிஷின்ல இருந்து வெட்டி இதுக்குள்ள ஒட்டினேன். நாலு ஸ்லைடு திருத்தி சேவ்.

பக்கத்து சீட் ஷமீம் எட்டிப் பார்த்துச் சிரிச்சா. அவ ஃபோல்டரெல்லாம் 786-ல ஆரம்பிக்கும். பெரிய சிரிப்பு.

வாங்க: இஞ்சி, வீட்டுக்காரருக்குக் கால்சியம் மாத்திரை.

நவ. 7, செவ்வாய்

கோர்ஸ் திறக்கல. ஃபைல் கெட்டுப்போச்சாம். கீழே ஓகே பட்டன் மட்டும். என்ன ஓகே? வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.

படம், வசனமெல்லாம் தனியா இருக்கு. குரல்தான் இல்ல. சாஃப்ட்வேருக்குள்ளயே நேரா பதிவு பண்ணது, காப்பி எடுக்கல. பேசினது இவர், ஆகஸ்ட்ல, ஒரு சனிக்கிழமை ஆபீஸுக்கே வந்து. செப்டம்பர்ல தைராய்டு ஆபரேஷன். அதிலிருந்து பேசினா வெறும் காத்துதான் வருது. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்னார் டாக்டர்.

மேனேஜர்: "வேற யாரையாவது பேச வைங்க மேடம், அரை நாள் வேலை."

தலையாட்டிட்டு வந்தேன். எனக்கு அந்தக் குரல் வேற எங்கயும் இல்ல. கல்யாண கேசட்ல கூட மேளச்சத்தம்தான்.

வீட்ல சொல்லல. மாத்திரை வாங்கினேன்.

நவ. 8, புதன்

எரர் பாக்ஸை இன்னிக்குத்தான் ஒழுங்காப் படிச்சேன். ஃபைல் இருக்கிற இடத்துல 'உ'வுக்குப் பதிலா ஒரு கேள்விக்குறி. இந்த சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எங்க வைக்கிறதுன்னு தெரியாம பாதியில விட்டிருக்கு. பிள்ளையாரையே கேள்விக்குறி ஆக்கிட்டுது.

சாதா பேர் வச்ச ஃபோல்டருக்கு மாத்தி, காலி ப்ராஜெக்ட் ஒண்ணு திறந்து, கெட்ட ஃபைல்ல இருந்து ஸ்லைடுகளை ஒவ்வொண்ணா இழுத்தோம், நானும் ஷமீமும். பாதிக்கு மேல வந்துச்சு. எல்லாம் ஊமை.

ஷமீம்: "அக்கா, பேசினது பழைய மிஷின்லதானே? அதுல டெம்ப் ஃபோல்டர்ல பதிவு பண்ணதோட மிச்சம் இருக்கும்ல?"

அக்கவுண்ட்ஸுக்கு ஓடினேன். சிஸ்டம்ஸ் மணி அங்க நிக்கிறார். "இந்த மிஷின்ல எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் அடிக்கணும் மேடம்."

"அடிச்சிட்டீங்களா?"

"எங்க, ஃபார்மேட் சிடியை எவனோ எட்துகினு பூட்டான். பேஜாரா கீது."

அந்த எவனோ நல்லா இருக்கட்டும். மணிகிட்ட நாளைக்கு வரைக்கும் மிஷினைத் தொடாதீங்கன்னு கெஞ்சிட்டு வந்தேன்.

நவ. 9, வியாழன்

டெம்ப்ல வாய்க்குள்ள நுழையாத பேரோட துண்டு துண்டா ஃபைல்கள். பேர் மாத்தித் திறந்தா சத்தம். இவர் சத்தம். நான் வெட்டறதுக்கு முந்தினது, இருமலோட.

"பின்னை இழுக்கவும். கைப்பிடியை அழுத்தவும்." நாற்காலி கிறீச். அப்புறம்: "எத்தனை வாட்டி, சாரதா, அழுத்துறது? போதும், வூட்டுக்குப் போய் டீ போடு."

வீட்ல நான் மணி மாதிரி பேசிக் காட்டுவேன், அந்த 'வூடு'வைச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணது. ஆகஸ்ட்ல எரிச்சலா வெட்டி எறிஞ்சேன். இன்னிக்கு அக்கவுண்ட்ஸ்ல உக்காந்து அழுதேன், ஹெட்போனை மாட்டிகிட்டு.

இனிமே:
– ஃபோல்டர் பேரு இங்கிலீஷ்ல, சின்னதா
– வெட்டி ஒட்டக் கூடாது, காப்பிதான்
– சாயங்காலம் புதுப் பேர்ல ஒரு சேவ்
– குரல் தனி சிடி
– சுழி மானிட்டர் ஓரத்துல, பென்சில்ல

ஷமீமோட 786-க்கு ஒண்ணும் ஆகல. நம்பராச்சே.

நவ. 10, வெள்ளி

கோர்ஸ் கொடுத்தாச்சு. மேனேஜர் "குட்" சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் சிடியைப் போட்டேன், வெட்டாதது. இவர் டிவியை அணைச்சிட்டு முழுசும் கேட்டார். டீ போடச் சொன்ன துண்டு வந்ததும் என்னைப் பார்த்தார். வாய் அசையுது, கிட்ட போனாத்தான் கேக்குது.

"அந்த டீ இன்னும் வரல."

போட்டேன். இஞ்சி வாங்க மறந்திருக்கேன்.