மலையில் தேடப்பட்ட ரென்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

யுஸ்தினா பணிவோடு எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை மெர்பாபு மலையில் தனியாக ஏறி, அன்றே இறங்கிவிட்டேன். தனியாளை விடமாட்டார்கள் என்பதால், அடிவாரச் சாவடியில் "ரென்சி பின்னாடி வர்றா" என்று சொல்லி இரண்டு பெயர் எழுதினேன். இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் சாவடிக்காரர் ஸ்லாமெட் போன் செய்தார். "ரென்சி இன்னும் இறங்கலை, ஆறு பேர் மழையில தேடுறோம்மா. ரென்சி என்ன கலர் சட்டை போட்டிருந்தா?"

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"தனியா வந்தேன்னு சொல்லியிருந்தா என் பொண்ணையே துணைக்கு அனுப்பியிருப்பேனே."

அம்மா, என் அறையிலும் ரென்சி என்று யாரும் இல்லை. நான் தனியாக இருக்கிறேனென்று நீ கவலைப்படக் கூடாதென்றுதான் அவள் என்னோடு தங்கியிருப்பதாக எழுதிவந்தேன். அவளுக்கென்று நீ அனுப்பிய கருவாட்டையும் நானே தின்றேன். மன்னித்துவிடு.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. இனிமேல் கருவாடு ஒருத்திக்கு மட்டும் அனுப்பு.

யுஸ்தினா