கிங்ஸ்பரி வீட்டுக்காரிக்கு நான் சொன்ன பதில்

இஞ்சாருங்கோ,

நம் கட்டடத்துக்கு லிப்ட் போடுகிறார்கள். கவுன்சில் கடிதம் முன்பே வந்தது, இந்தக் கிழமை வேலை தொடங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுவதும் ஈரச் சீமெந்து மணக்கிறது. லிப்ட் கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்களின் பிரதிகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் போட்டார்கள். கடிதம் கிடைத்தது பொய்யில்லை. கிடைத்ததை வாசிக்க ஒன்பது வருடம் எடுத்திருக்கிறது.

லிப்டைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வாசலில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நீங்கள் போன நாளிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு விடாமலே நின்றுவிட்ட மாதிரி. சாப்பிடுகிறேன், பேசுகிறேன், உறைப்பதில்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை அழுதேன், அதுவும் போன மாதம், வேறொருவர் செத்த வீட்டில். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, உங்களுக்கு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும்.

லண்டன் ஸ்ட்ரெதமில் கவுன்சில் நமக்குத் தந்தது நாலாம் மாடி வீடு. அறுபத்து நாலு படி என்று எண்ணிச் சொன்னவர் நீங்கள். முதலில் ஒரே மூச்சில் ஏறினீர்கள். பிறகு இரண்டாம் மாடியில் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினீர்கள். குப்பை போடும் நாட்களைப் பற்றிய அறிவித்தல். ஆறு மாதமாக அதே கடதாசி. "இன்னும் பாடமாகேல்லையோ?" என்று நான் நக்கலடிப்பேன். "கவனமா வாசிக்க வேணும், இவங்கள் கடைசி வரியிலதான் விஷயத்தை வைப்பாங்கள்" என்பீர்கள். நெஞ்சுக்குள் யாரோ முழங்காலால் ஊன்றுகிற மாதிரி இருந்ததை என்னிடம் மறைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர்தான் போட்டு உடைத்தார். இதயம் பலவீனம், படி ஏறக்கூடாது.

கீழ் வீடு கேட்டு எழுதினோம். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேர் அந்த வரிசையில் எப்போதும் கடைசிதான். அதனால்தான் வீடு வாங்க வெளிக்கிட்டோம். மற்றச் சொந்தக்காரருக்குப் போல நமக்கு அது பெருமையோ சொத்தோ அல்ல. உங்களுக்குப் படி இல்லாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு லண்டனில் வீடு வாங்கியவர்களுக்கு அந்தப் பைத்தியம் தெரியும். ஒரு வீட்டை, நாம் பஸ்ஸால் இறங்கிப் போவதற்குள் விற்றுவிட்டார்கள். இன்னொரு வீட்டுக்காரர் ஓம் என்று கை குலுக்கிவிட்டு, அடுத்த கிழமை வேறொருவர் கூடத் தருகிறார் என்று நம்மைக் கைவிட்டார். நீங்கள் அன்று சாப்பிடவில்லை. "வாயால ஓம் எண்டு சொன்னாப் பிறகு என்ன மாற்றம்? வாய்தான் உறுதி. மற்றதெல்லாம் கடதாசி" என்றீர்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் காணிப் பகுதியில் பதினாலு வருடம் கடதாசியோடு கிடந்த மனிதர் அப்படிச் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மூன்றாவதுதான் கிங்ஸ்பரி வீடு. வீட்டுக்காரி நோரா, அயர்லாந்துக்காரி. இளம் வயதில் தாதி வேலைக்கு லண்டன் வந்து, இங்கேயே கலியாணம் செய்து, கணவரை இழந்து, இனி ஊருக்குப் போய்த் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறேன் என்று வீட்டை விற்க வைத்திருந்தார். கணவர் கடைசிக் காலத்தில் மேலே ஏற முடியாமல் கிடந்ததால் முன் அறையைப் படுக்கை அறையாக்கி, கீழேயே கழிவறையும் கட்டியிருந்தார்கள். நீங்கள் வாசலில் நின்று குனிந்து பார்த்தீர்கள். "இஞ்சாரும், ஒரு படி. ஒண்டே ஒண்டு" என்று என்னிடம் விரலைக் காட்டினீர்கள். நோரா தேநீர் ஊற்றித் தந்தார். தேநீர் ஆறுவதற்குள் விலை பேசி ஓம் சொல்லியாயிற்று.

நாலு நாளில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டின் கடிதம் வந்தது. தலைமாட்டில் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, "சப்ஜெக்ட் டு கான்ராக்ட்" என்று அடித்திருந்தது. நீங்கள் பூரித்துப் போனீர்கள். "பாரும், எவ்வளவு ஒழுங்கா எழுதுறாங்கள். முதல்ல பொருள். பொருள், ஒப்பந்தம். எங்கட கச்சேரியில நான் எழுதின மாதிரியே." கடிதத்துக்கு மேலே 'பொருள்' என்று எழுதியே பழகிய கை, அந்த மூன்று சொல்லையும் தலைப்பு என்று எடுத்துக்கொண்டது. எனக்கும் தலைப்பாகத்தான் தெரிந்தது. ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று லண்டனின் மறுகோடியில் பார்க்கிங் என்ற இடத்தில் இருந்த உங்கள் மச்சான் வரைக்கும் போன் பறந்தது. பஞ்சாங்கம் பார்த்து நாளும் வைத்துவிட்டீர்கள், பால் காய்ச்ச.

நோராவிடம் போய் அதை விளங்கப்படுத்தியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. குடிபோகும் வீட்டில் முதலில் பால் பொங்க வைப்பது எங்கள் வழக்கம் என்றீர்கள். நான் இன்னும் குடியிருக்கிறேனே என்று அவர் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்து விட்டு ஒதுங்கி நின்றார். பால் பொங்கி வழிய, பதறித் துணியோடு ஓடி வந்தார். நீங்கள் கையை நீட்டி மறித்தீர்கள். விளங்கியதோ என்னவோ, சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மூன்று பேரும் அவருடைய கோப்பைகளில் அந்தப் பாலைக் குடித்தோம்.

அடுத்த கிழமை, நம் வீட்டு எழுத்தைப் பார்த்த தமிழ் வக்கீல், சொலிசிட்டர், கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அண்ணை, அது தலைப்பில்லை. கையெழுத்து வைக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு கட்டுப்பாடும் இல்லை எண்டு அர்த்தம். அவவும் விலகலாம், நீங்களும் விலகலாம். ஒருத்தரும் காரணம் கேக்க ஏலாது." நீங்கள் அந்தக் கடிதத்தை வாங்கி மறுபடி வாசித்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அதையே விரித்து வைத்திருந்தீர்கள். இறங்கும் இடத்தில்தான் சொன்னீர்கள்: "அவ விலக மாட்டா. நாங்களும் விலக மாட்டம். பால் பொங்கின வீடு."

விலகாமல்தான் இருந்தார். ஆனால் அவருடைய கையும் கட்டிக் கிடந்தது. ஊரில் அவர் வாங்க இருந்த சிறிய வீட்டின் எழுத்து முடிந்தால்தான் நமக்குக் கையெழுத்து வைக்க முடியும். அந்த வீட்டு நிலமோ செத்துப்போன தகப்பன் பெயரில். பிள்ளைகள் ஐந்து பேர், அதில் ஒருவர் அமெரிக்காவில், கடிதம் போட்டால் பதில் இல்லை. வரைபடத்தில் கிணறு அடுத்தவர் காணிக்குள் நின்றது. அதைத் திருத்தப் போனவர் விடுமுறையில் போய்விட்டார். திரும்பி வந்ததும் விற்பவர்கள் விலையை ஏற்றினார்கள். ஏற்றியதைக் குறைத்து முடிக்க, அங்குள்ள சொலிசிட்டர் கோப்பைத் தொலைத்தார்.

எனக்குத் தலை வெடித்தது, உங்களுக்கோ கொண்டாட்டம். "இஞ்சாரும், அயர்லாந்திலயும் பங்குக் காணி இருக்காம்!" என்று சொந்தக்காரரைக் கண்ட மாதிரி வந்து சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்பரிக்குப் போய் நோராவோடு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தீர்கள். அமெரிக்காக்காரருக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் நீங்களே எழுதி, நோராவைக் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். தலைப்புப் போடவில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

கோடை போய் இலையும் கொட்டிவிட்டது. கிழமைக்கு ஒருமுறை நோரா போன் எடுப்பார். ஒவ்வொரு முறையும் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்குவார். சொறி, இன்னும் வரவில்லை. சொறி, உங்களுக்குப் பெரிய கரைச்சல் தருகிறேன். நான் ரிசீவரை உங்களிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். வேறு வீடு பார்ப்போம் என்று எத்தனை தரம் கெஞ்சினேன். "பால் பொங்கினது" என்பீர்கள். "உங்கட பாலும் நீங்களும்" என்று ஒருநாள் கத்தினேன். நீங்கள் இரண்டாம் மாடியில் நிற்கும் நேரம் கூடக் கூட, எனக்கு நோராவில் வெறுப்பு ஏறியது. அது வெறுப்புத்தான். அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்த அறிவித்தலுக்குக் கீழே நீங்கள் விழுந்தீர்கள். கீழ் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். நான் ஓடி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

எரிக்கும் இடத்துக்கு நோரா கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். வரிசையில் நின்று, என் முறைக்கு வந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துச் சொன்னார்: "சொறி ஃபோர் யுவர் ட்ரபிள்." அந்த நாலு சொல்லும் எனக்கு ஒரே அர்த்தத்தில்தான் விழுந்தது. உங்கள் கரைச்சலுக்கு வருந்துகிறேன். நீங்கள் அங்கே கிடக்கிறீர்கள், இவர் வீட்டுக் கரைச்சலுக்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். கையை இழுத்துக்கொண்டு, என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "வீட்டைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம். நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வோம்." நாங்கள் என்றுதான் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் நகர, அவரும் நகர்ந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் கிழமை சொலிசிட்டர் போன் எடுத்தார். "அக்கா, அமெரிக்காவில இருந்து கையெழுத்து வந்திட்டுது. அண்ணை எழுதின கடிதத்துக்குத்தான் அந்த மனுசன் மசிஞ்சதாம். எல்லாம் சரி. அண்ணையின்ர இன்சூரன்ஸ் காசும் இருக்கு, நீங்கள் சமாளிக்கலாம். எந்த நாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

வேண்டாம் என்றேன். அவர் சரி என்றார். காரணம் கேட்கவில்லை. கேட்க ஏலாதுதானே.

ஊரார் கேட்டபோது, அயர்லாந்துப் பக்கம் குழம்பிப் போச்சுது என்றேன். "வெள்ளைக்காரியின்ர சொல்லை நம்பலாமோ?" என்று உங்கள் மச்சான் திட்டினார். இன்றைக்கும் திட்டுகிறார். நான் வாயைத் திறந்ததில்லை. நான் விலகியதால் நோராவின் ஊர் வீடும் போயிற்று. அங்கே விற்பவர்கள் இன்னொரு ஆள் வரும்வரை பொறுக்கவில்லை என்று சொலிசிட்டர் பிறகு சொன்னார். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போன மாதம், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்யும் பிரீடாவின் கணவர் இறந்துவிட்டார். அவளும் அயர்லாந்துக்காரி. தேவாலயத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு நாலைந்து பேர் முன்னால் நின்ற கிழவர் பிரீடாவின் கையைப் பிடித்து அந்த நாலு சொல்லைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் சொன்னாள். அடுத்தவரும் அதையே. பக்கத்தில் நின்றவளிடம், பிரீடாவுக்கு ஏதும் கரைச்சலோ, வீட்டுப் பிரச்சினையோ என்று மெதுவாகக் கேட்டேன். அவள் விளங்காமல் பார்த்துவிட்டு, "இல்லையே. எங்கள் ஊரில் செத்த வீட்டில் எல்லாரும் சொல்வது இதுதான். வேறு சொல் எங்களிடம் இல்லை" என்றாள்.

என் முறை வந்தது. பிரீடாவின் கையைப் பிடித்து நானும் சொன்னேன். அவள் "தாங்க் யூ" என்றாள். அவ்வளவுதானாம் அதற்குப் பதில். பிடித்த கையை விடாமல் அங்கேயே நின்று அழுதேன். தேவாலயமே திரும்பிப் பார்த்தது. கடைசியில் பிரீடாதான் என்னைத் தேற்றினாள். அவளுடைய கணவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

நீங்கள் கொடுத்த சொல்லை அயர்லாந்து முறிக்கவில்லை. நோராவும் முறிக்கவில்லை. நான்தான் முறித்தேன். மச்சானுக்கும் இந்த ஞாயிறு சொல்லப் போகிறேன். சொலிசிட்டரிடம் நோராவின் விலாசம் கேட்டேன். பழைய கோப்புகளை அழித்துவிட்டார்களாம். கிங்ஸ்பரிக்கும் போனேன், வீட்டில் இருப்பவர்களுக்கு அவருடைய பெயரே தெரியவில்லை. அன்றைக்கு எரிக்கும் இடத்தில் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய "தாங்க் யூ" என்னிடமே இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.