நீங்கள் துப்பிய களாக்கொட்டை

மதினி,

இன்று காலை ஒரு களாப்பழம் தின்றேன். கூடலூர்ப் பக்கமிருந்து சாரல் இறங்கி, எது தென்னை, எது மலை என்று தெரியாமல் தோட்டமே வெள்ளையாய்க் கிடந்தது. அந்த வெள்ளைக்குள் கறுப்பாக ஒரே ஒரு பழம். புளிப்பு ஏறியதும் கண்ணை மூடினேன். பக்கத்தில் நீங்கள் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

நான் செய்த கூத்து உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித் தீர வேண்டும். அண்ணன் உங்களைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில், நீங்கள் திரும்பும்போது தோட்டம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று மேற்கு வேலியை ஜேசிபி விட்டு வழித்தேன். களா, சூரை, ஆவாரை, தும்பை எல்லாம் ஒரே மத்தியானத்தில் போயின. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டி, மெச்சுவீர்கள் என்று காத்திருந்தேன்.

நீங்கள் வந்து கம்பியைத் தடவினீர்கள். பிறகு உங்கள் தேனீப் பெட்டிகளைப் பார்த்தீர்கள்.

"ஈ இனி இங்கன நிக்காதுத்தா. அதுக அடுப்பையில்ல அணைச்சுப்புட்ட."

திட்டியிருந்தால் தேவலை. ஒரு மாதத்தில் மூன்று பெட்டியும் காலி. மருந்து குடித்துக் குமட்டிய உங்கள் வாய்க்கு இறங்கிய ஒரே பண்டம் அந்த வேலியின் களாக்காய் ஊறுகாய். ஜாடியின் அடியைச் சுரண்டிய அன்றுதான் எதை வெட்டினேன் என்று எனக்கு உறைத்தது.

நம் ஊர் கோம்பையைச் சுற்றி எங்கும் கம்பிதான். கடமலைக்குண்டுப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் களா இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆடியில் போய் ஒரு மடி பழம் கொண்டுவந்தேன். விதைக்கென்று நல்ல பழமாகப் பொறுக்கிக் கொட்டையை எடுத்து, மிளகாய் விதைக்குச் செய்வதுபோலக் கழுவி, வெயிலில் காயவைத்து, சாம்பல் புரட்டி டப்பாவில் அடைத்தேன். மிச்சத்தை நீங்கள் காலிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து தின்று, கொட்டையைக் கண்டபடி துப்பினீர்கள்.

"மதினி, இப்பத்தான் கூட்டுனேன். அங்கன துப்பாதீக."

"போடி இவளே. குருவி என்ன, டப்பாவுலயா போட்டு வைக்குது?"

புரட்டாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். ஐப்பசி மழைக்குக் கம்பி நெடுக டப்பா விதையை ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. களா விதை காயக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மார்கழியில் காலிப் பெட்டிகளை எடுத்து வைக்கப் போனபோது, அவற்றின் கால்களைச் சுற்றிப் புல்லுக்குள் ஏழு கன்று நின்றன.

மூன்று வருஷத்தில் அவை என் இடுப்பு உயரம் வந்துவிட்டன. இந்தப் பங்குனியில் முதல் பூ எடுத்தது. எங்கிருந்தோ நாலைந்து ஈ வந்து முனகிவிட்டுப் போயின. பெட்டி இன்னும் காலிதான். ஆனாலும் மத்தியானத்தில் கண்ணயர்ந்தால் வேலி பழையபடி நிற்கிறது. நீங்கள் அதற்குள் கையை விட்டுப் பழம் பறிக்கிறீர்கள், ஒரு முள்ளும் கீறுவதில்லை. மடியை விரித்துக்கொண்டு நான் பின்னாலேயே வருகிறேன்.

அந்தப் பூவில் பழுத்து, காலையில் நான் தின்ற பழத்தின் கொட்டைகளை இன்னும் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறேன். மேற்குக் கம்பியோரம் நடக்கப் போகிறேன், மதினி. துப்பிக்கொண்டே.